கப்பல் காத்திருக்கிறது, எச்சரிக்கையும் வந்திருக்கிறது

 

கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் கோவை, திருப்பூர், ஈரோடு முஸ்லிம் குடும்பங்களுக்குக் கடல் அந்நியமானதன்று. நம் முந்தைய தலைமுறையினர் ஹஜ்ஜுக்குச் சென்ற வழி கடல்வழிதான். இங்கிருந்து ரயிலேறி மும்பை சென்று, அங்கிருந்து கப்பலில் ஜித்தா சேர்ந்தார்கள். ஹாஜிகளைக் கப்பலில் அனுப்பும் வழக்கம் 1995இல்தான் முடிவுக்கு வந்தது.

இன்று கடல் வேறு கோலத்தில் நம் வீட்டுக்குள் வருகிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சுற்றுலா தொடங்கியது. 2023 ஜூன் மாதம் அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை நீண்டது. கோவையில் இரவு ரயிலேறினால் காலையில் சென்னை. அங்கிருந்து மூன்று நாள், ஐந்து நாள் என்று கடலில் மிதந்துவிட்டுத் திரும்பலாம். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு இப்படியொரு பயணம் போவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதன்று. சூழலும் செயல்களும் ஹலாலாக இருக்குமானால் அது முபாஹ், அதாவது அனுமதிக்கப்பட்ட செயல்.

கேள்வி அதற்கு அடுத்த கட்டத்தில் எழுகிறது. பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளைகள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் அரசிடமிருந்து ஓர் எச்சரிக்கை வெளியாகிறது. நோய்ப் பரவலாகவோ, புயலாகவோ, சென்று சேரும் நாட்டின் கலவரமாகவோ அது இருக்கலாம். அரசு தடுக்கவில்லை, "அவசியமற்ற பயணத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்கிறது. அப்போது வீட்டில் மூன்று குரல்கள் எழும். "அல்லாஹ் விதித்ததுதான் நடக்கும், போவோம்" என்பார் ஒருவர். "இந்த அரசுகள் எப்போதும் இப்படித்தான் பயமுறுத்தும்" என்பார் இன்னொருவர். "ஆபத்து என்று சொன்ன பிறகு எதற்கு வம்பு?" என்பார் மூன்றாமவர்.

இம்மூன்று குரல்களும் புதியவையல்ல. நம் வரலாற்றில் கலீஃபாக்களின் ஆலோசனை அவையிலும், மும்பைத் துறைமுகத்திலும் ஒலித்தவைதாம். அவற்றுக்கு அன்று என்ன விடை கிடைத்தது என்று பார்ப்பது இன்று நமக்கு உதவும்.

ஸர்ஃகில் திரும்பிய பயணம்

ஹிஜ்ரீ 18ஆம் ஆண்டை ஒட்டிய காலம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாம் நாட்டை நோக்கிப் பயணமானார்கள். ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) தலைமையில் படைத்தளபதிகள் எதிர்கொண்டு வந்து, ஷாமில் கொள்ளைநோய் பரவியிருப்பதைத் தெரிவித்தார்கள். இதுவே பிற்காலத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் என்று பெயர் பெற்றது.

உமர் (ரலி) தனியே முடிவெடுக்கவில்லை. முதலில் ஆரம்பகால முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள். அவர்களிடையே கருத்து வேறுபட்டது. அடுத்து அன்ஸாரிகளை அழைத்தார்கள், அவர்களும் ஒன்றுபடவில்லை. மூன்றாவதாக, மக்கா வெற்றியின் காலத்தில் ஹிஜ்ரத் செய்த குறைஷி முதியவர்களை அழைத்தார்கள். அவர்கள் ஒரே குரலில், மக்களை அந்த நோய்க்குள் கொண்டு செல்ல வேண்டாம், திரும்பிவிடுங்கள் என்றனர். காலையில் திரும்புவதாக உமர் (ரலி) அறிவித்தார்கள்.

அப்போது அபூ உபைதா (ரலி) கேட்ட கேள்வி நம் வீட்டில் எழும் முதல் குரல்தான்: அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்? உமர் (ரலி) அளித்த விடையின் சாரம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கிச் செல்கிறோம் என்பது. அதை ஓர் உவமையாலும் விளக்கினார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு புறம் செழிப்பாகவும் மறுபுறம் வறண்டும் இருந்தால், ஒட்டகங்களை எந்தப் புறத்தில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதான் நடக்கிறது. அதற்காக மேய்ப்பவன் வேண்டுமென்றே வறண்ட பக்கத்தைத் தேர்ந்தெடுப்பானா?

அதன் பிறகுதான், வேறு வேலையாகச் சென்றிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, இது குறித்துத் தமக்கு ஒரு ஞானம் உண்டு என்றார்கள். ஓர் ஊரில் கொள்ளைநோய் பரவியதாகக் கேள்வியுற்றால் அங்கே நுழையாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் பரவினால் அதிலிருந்து தப்பியோடி வெளியேறாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு மதீனா திரும்பினார்கள்.

இந்த நிகழ்ச்சியை நாம் பல ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். அதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நபிமொழி தெரியவருவதற்கு முன்பே உமர் (ரலி) திரும்ப முடிவெடுத்துவிட்டார்கள். செய்தியைக் கேட்டார்கள், அறிந்தவர்களை அழைத்தார்கள், தம்முடன் வருபவர்களின் உயிரை எண்ணிப் பார்த்தார்கள். எச்சரிக்கைக்குச் செவிகொடுப்பது தவக்குலுக்கு எதிரானதன்று என்பதை அந்த முடிவே காட்டுகிறது.

அபூ உபைதா (ரலி) நபிமொழியின் மறுபாதியைக் கடைப்பிடித்தார்கள். தம் மக்களை விட்டு வெளியேறாமல் ஷாமிலேயே தங்கி, அந்த நோயிலேயே வஃபாத் ஆனார்கள். அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அவ்வாறே மறைந்தார்கள். அடுத்துத் தலைமையேற்ற அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி), மக்களைச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து மலைகளுக்குச் செல்லப் பணித்தார்கள். நோய் தணிந்தது. இந்த ஏற்பாட்டை உமர் (ரலி) வெறுக்கவில்லை என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தக் கொள்ளைநோயில் இறந்தவர்கள் சுமார் 25,000 பேர் என்பது அந்நூல்கள் தரும் கணக்கு.

கடல் குறித்த தயக்கமும் அனுமதியும்

கடற்பயணத்தைப் பற்றியும் அந்தத் தலைமுறை ஆழ்ந்து யோசித்தது. பஹ்ரைன் பகுதியின் ஆளுநர் அலா அல்-ஹள்ரமீ (ரலி), கலீஃபாவின் அனுமதியின்றிப் படையுடன் கடல் கடந்து பாரசீகக் கரையில் இறங்கினார்கள். படை நெருக்கடியில் சிக்கியது. அதை மீட்க இன்னொரு படையை அனுப்ப வேண்டியதாயிற்று. உமர் (ரலி) அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். பின்னர் முஆவியா (ரலி) சைப்ரஸ் தீவுக்குக் கப்பற்படை செலுத்த அனுமதி கேட்டபோதும் உமர் (ரலி) மறுத்துவிட்டார்கள். கடலின் தன்மையை அறிந்தவர்களிடம் விசாரித்த பிறகே அந்த மறுப்பு வந்தது.

உஸ்மான் (ரலி) காலத்தில் அதே வேண்டுகோள் ஏற்கப்பட்டது. ஹிஜ்ரீ 28இல் கப்பல்கள் புறப்பட்டன. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, தாமாக விரும்பி வருபவர்களையே ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. முஆவியா (ரலி) தம் துணைவியாரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. மற்றவர்களின் குடும்பத்தைக் கடலில் ஏற்றுபவர் தம் குடும்பத்தையும் அதே கப்பலில் ஏற்றட்டும் என்னும் நியாயம் அதில் இருக்கிறது. அந்தப் பயணத்தில் உம்மு ஹராம் (ரலி) என்ற பெண்மணியும் இருந்தார்கள். கடலில் செல்லும் கூட்டத்தில் அவர்களும் ஒருவராக இருப்பார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் முன்பே நற்செய்தி சொல்லியிருந்தார்கள்.

ஆகவே இஸ்லாம் கடலை அஞ்சி ஒதுங்கும் மார்க்கமன்று. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் மரக்காயர்கள் தலைமுறை தலைமுறையாகக் கப்பலோட்டியவர்கள். அவர்களும் காற்றுக்காலம் பார்த்தே பாய் விரித்தார்கள். அலை கொந்தளிக்கும்போது கடலேறி மாண்டவனுக்குப் பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தமைந்த நபிமொழி, இமாம் புகாரீ அவர்களின் அல்-அதபுல் முஃப்ரத் நூலில் இடம்பெற்றுள்ளது. கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியில் உறங்கி விழுபவனும் அதே நபிமொழியில் குறிப்பிடப்படுகிறான். இரண்டிலும் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. தெரிந்தே போய்ப் படுப்பதுதான் கண்டிக்கப்படுகிறது.

இதன் அடிப்படையில்தான் ஃபிக்ஹ் அறிஞர்கள் ஹஜ் கடமையாவதைப் பற்றிப் பேசும்போது வழியின் பாதுகாப்பையும் சேர்த்துப் பேசினார்கள். கடல்வழியில் பெரும்பாலும் பாதுகாப்பாகப் போய்வர முடிகிறது என்றால் போக வேண்டும். ஆபத்தே மிகுதி என்றால் கடமை அப்போதைக்கு இல்லை என்பது அவர்களின் பொதுவான போக்கு. ஹஜ்ஜைக் குறித்தே இப்படிப் பேசியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சலுகையைச் சாக்காக ஆக்கியவர்களும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் அரபிக்கடல் போர்த்துகீசியர் பிடியில் இருந்தது. 1502இல் வாஸ்கோ ட காமா, மக்காவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பயணிகளின் கப்பலைப் பெண்கள், குழந்தைகளோடு எரித்த கொடுமையும் நிகழ்ந்திருக்கிறது. கப்பல்கள் போர்த்துகீசியரின் அனுமதிச் சீட்டு பெற்றே செல்ல வேண்டியிருந்தது. இந்த நிலையைக் காட்டி, அக்பரின் அவையிலிருந்த மக்தூமுல் முல்க் என்ற அறிஞர், ஹஜ் இப்போது கடமையில்லை என்று தீர்ப்பளித்ததாக வரலாற்றாசிரியர் பதாயூனீ எழுதுகிறார். அவர் தம் சொந்தக் கடமைகளிலிருந்தே தப்பிக்கப் பார்த்தார் என்றும் பதாயூனீ குறை சொல்கிறார். அதே காலத்தில்தான் அக்பரின் அத்தை குல்பதன் பேகம், சூரத்தில் ஏறக்குறைய ஓராண்டு அனுமதிச் சீட்டுக்காகக் காத்திருந்து, 1576இல் கப்பலேறி ஹஜ்ஜை நிறைவேற்றினார். ஆபத்து இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் அதைத் தப்பிக்கும் வழியாக்கினார். மற்றவர் பாதுகாப்பு உறுதியாகும்வரை பொறுத்திருந்து, பிறகு புறப்பட்டார்.

1897: ஹஜ்ஜுக்கே வந்த தடை

நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு ஹஜ் பயணம் எளிதாயிற்று. நோயும் அதே வேகத்தில் பயணம் செய்யத் தொடங்கியது. 1865இல் மக்காவில் காலரா பரவியபோது, அங்கு கூடியிருந்த சுமார் 90,000 பேரில் 15,000 பேர் இறந்ததாக அக்காலக் கணிப்பு கூறுகிறது. திரும்பிய ஹாஜிகளோடு நோய் எகிப்துக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் பரவியது. அடுத்த ஆண்டே கான்ஸ்டான்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. 1882 முதல் செங்கடலில் உள்ள கமரான் தீவில் உஸ்மானிய அரசின் தனிமைப்படுத்தும் நிலையம் இயங்கியது. இந்தியாவிலிருந்து செல்லும் ஹாஜிகள் அங்கே இறங்கி, உடைமைகளைக் கிருமிநீக்கத்துக்கு ஒப்படைத்து, கட்டணமும் செலுத்தி, பல நாட்கள் வெயிலில் காத்திருந்தார்கள்.

1896இல் மும்பையில் பிளேக் வெடித்தது. 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. அதே மாதம் வெனிஸ் நகரில் ஐரோப்பிய நாடுகள் பிளேக் குறித்து மாநாடு கூட்டின. இந்திய ஹாஜிகளின் கப்பல்கள் வழியாக நோய் மேற்கே வந்துவிடும் என்ற அச்சம் அங்கே மேலோங்கியிருந்தது. அந்த நெருக்குதலில் பிரிட்டிஷ் இந்திய அரசு ஹஜ் பயணக் கப்பல்களை அவ்வாண்டு நிறுத்தியது. மதத்தில் தலையிடமாட்டோம் என்று 1858இல் விக்டோரியா அரசியின் பெயரால் உறுதியளித்த அரசுதான் இந்தத் தடையையும் விதித்தது.

முஸ்லிம்களின் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆயுள் முழுவதும் சேமித்த பணம், முதிர்ந்த வயது, அடுத்த ஆண்டு உயிரோடு இருப்போமா என்ற ஐயம். அதோடு, தடை விதித்தது அந்நிய அரசு. அதன் கவலையில் ஹாஜிகளின் உயிரைவிட, இந்தியச் சரக்குகளை ஐரோப்பியத் துறைமுகங்கள் திருப்பி அனுப்பிவிடுமோ என்ற அச்சத்துக்குப் பெரிய இடம் இருந்தது. "இந்த அரசுகள் எப்போதும் இப்படித்தான்" என்ற இரண்டாவது குரலுக்கு அன்று உண்மையிலேயே நியாயம் இருந்தது.

ஆனால் பிளேக்கும் உண்மையாகவே இருந்தது. அவ்வாண்டு ஹஜ் முடிந்தபின், 1897 ஜூன் மாதம் ஜித்தாவிலும் அது கண்டறியப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தலைகாட்டியது. எச்சரிப்பவரின் உள்நோக்கம் வேறு, எச்சரிக்கையின் உண்மை வேறு என்பதே 1897 தரும் பாடம். முன்னதைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. அதற்காகப் பின்னதைச் சோதித்துப் பார்க்காமல் தள்ளிவிட்டால், இழப்பு அரசுக்கில்லை, நமக்குத்தான்.

கோவை அறிந்த நோய்

அந்தப் பிளேக் கோவைக்கு வெறும் செய்தியாக நின்றுவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்த நகரம் பலமுறை பிளேக்கால் சூறையாடப்பட்டது. பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோவையில் இன்றும் கோயில்கள் இருப்பது, அந்த அச்சம் நம் ஊர் மக்களின் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்குச் சான்று. எந்தச் சமயத்தவர் வீட்டையும் அந்த நோய் பிரித்துப் பார்க்கவில்லை.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்றொரு முறை இருந்தது. மும்பை போன்ற நோய் பரவிய இடங்களிலிருந்து வருபவர் அந்தச் சீட்டைப் பெற்று, சேர்ந்த ஊரில் குறிப்பிட்ட நாட்கள் அதிகாரிகள் முன் ஆஜராகித் தம் உடல்நிலையைக் காட்ட வேண்டும். தொல்லையான நடைமுறைதான். ஆனால் போத்தனூர் வரை ரயில் வந்துவிட்ட காலம் அது. மும்பையில் ஏறிய ஒருவர் சில நாட்களில் கோட்டைமேட்டுச் சந்துக்குள் வந்து நின்றுவிட முடியும். பயணம் செய்பவர் தம் விருப்பத்தை மட்டும் சுமந்து வருவதில்லை. சில வேளை, தாம் அறியாத ஒன்றையும் சுமந்து வருகிறார். வாசலில் ஓடிவந்து சலாம் சொல்லிக் கட்டியணைக்கும் நன்னியும் பேரப்பிள்ளைகளும் எந்த எச்சரிக்கையையும் மீறியவர்கள் அல்லர். ஆனாலும் விலை கொடுப்பது அவர்களாக இருக்கலாம்.

2020: ஒரே நாளில் இரு செய்திகள்

நாம் கண்ணால் கண்ட அண்மை வரலாறு இது. 2020 ஜனவரி 20 அன்று யோகோஹாமாவிலிருந்து டைமண்ட் பிரின்சஸ் என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்டது. ஹாங்காங்கில் இறங்கிய ஒரு பயணிக்குக் கொரோனா தொற்று இருந்தது பிப்ரவரி 1 அன்று தெரியவந்தது. கப்பல் திரும்பி வந்து யோகோஹாமாவில் தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தனர். அவர்களில் 712 பேருக்குத் தொற்று உறுதியானது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர். அவர்களில் 132 பேர் பயணிகள் அல்லர், பணியாளர்கள். பயணிகள் அறைக்குள் அடைபட்டிருந்தபோது, அவர்களுக்கு உணவு கொண்டு சென்றவர்கள் கப்பலின் பணியாளர்களே.

வெஸ்டர்டாம் என்ற இன்னொரு கப்பலைத் துறைமுகம் துறைமுகமாகத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பிப்ரவரி 13 அன்று கம்போடியா அதற்கு இடம் கொடுத்தது. மார்ச் 8 அன்று அமெரிக்க அரசு தன் குடிமக்களை, குறிப்பாக உடல்நலக் குறைவு உள்ளவர்களை, சொகுசுக் கப்பலில் செல்ல வேண்டாம் என்று எச்சரித்தது. மார்ச் 19 அன்று சிட்னியில் ரூபி பிரின்சஸ் கப்பலிலிருந்து சுமார் 2,700 பயணிகள் சோதனையின்றி இறக்கிவிடப்பட்டனர். அந்தக் கப்பலோடு தொடர்புடைய இறப்புகள் 28 என்று கணக்கிடப்பட்டன.

இதில் ஒரு நாளைத் தனியே குறிக்க வேண்டும். 2020 பிப்ரவரி 27. டைமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த இந்தியர்களில் 119 பேரை ஏர் இந்தியா விமானம் டெல்லிக்குக் கொண்டுவந்து சேர்த்தது அன்றுதான். வெளிநாட்டவரின் உம்ராப் பயணத்தை சவூதி அரேபியா நிறுத்திவைத்ததும் அதே நாள்தான். ஜூன் மாதம், அவ்வாண்டு ஹஜ் சவூதியில் வசிக்கும் மிகச் சிலரோடு மட்டும் நடைபெறும் என்று அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்திருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் திருப்பித் தரப்பட்டது. நம் ஜமாஅத்துகளிலும் பெயர் தேர்வாகி, பயணப் பையைத் தயார் செய்து வைத்திருந்த முதியவர்கள் இருந்தார்கள். அவர்கள் கண்ணீரோடு ஏற்றுக்கொண்டார்கள். உயிரைக் காப்பதற்காகக் கஅபாவின் மதாஃபே வெறிச்சோடி நின்ற காட்சியைக் கண்ட தலைமுறை நாம். அதை ஏற்றுக்கொண்ட மனம், ஒரு விடுமுறைப் பயணத்தை ஒத்திவைக்கத் தயங்குமானால் நாம் எதைப் பெரிதாக மதிக்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

எச்சரிக்கையைப் படிக்கும் முறை

எல்லா எச்சரிக்கையும் ஒரே எடை உடையதன்று. நம் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதைச் செய்திகளில் கேட்கிறோம். 1ஆம் எண் கூண்டு, தொலைவில் காற்றழுத்தம் உருவாகியிருக்கிறது என்பதற்கு. 10ஆம் எண் கூண்டு, பெரும் அபாயம் என்பதற்கு. மீனவர் கூண்டின் எண்ணைப் பார்த்தே முடிவெடுக்கிறார். கூண்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் ஓடுவதுமில்லை, எண்ணைப் பார்க்காமல் படகைத் தள்ளுவதுமில்லை. பயண எச்சரிக்கையையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

2019 ஏப்ரலில் இலங்கையில் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்த பிறகு, நம் வெளியுறவு அமைச்சகம் அவசியமற்ற பயணத்தைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. ஒரு மாதத்துக்குப் பின் அதைத் தளர்த்தியது. தளர்ந்த பின் போனவர்கள் இழந்தது ஒரு மாதம் மட்டுமே. அந்த அறிவிப்பில் "அவசியமற்ற" என்ற சொல்தான் திறவுகோல். கொழும்பில் நோயுற்ற தாயைப் பார்க்கப் போவதும், ஊர் சுற்றிப் பார்க்கப் போவதும் அந்தச் சொல்லின் முன் ஒன்றல்ல.

இந்த வரலாற்றிலிருந்து, வீட்டில் உட்கார்ந்து பேசும்போது வரிசையாகக் கேட்டுக்கொள்ளத்தக்க சில கேள்விகள் கிடைக்கின்றன.

முதலாவது: இந்தப் பயணத்தின் தகுதி என்ன? கடமையா, தேவையா, ஆசையா? கடமைக்காக ஏற்கத்தக்க ஆபத்தை ஆசைக்காக ஏற்க முடியாது. ஆசை தவறன்று, ஆனால் அது காத்திருக்கக் கூடியது.

இரண்டாவது: எச்சரிக்கையின் உண்மையை யாரிடம் கேட்டோம்? உமர் (ரலி) மூன்று குழுவினரிடம் கேட்டார்கள். நாம் பயணச்சீட்டு விற்பவரிடம் மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுத்தால் அது ஆலோசனை ஆகாது. அரசின் அறிவிப்பை முழுமையாகப் படிக்க வேண்டும். குடும்ப மருத்துவரைக் கேட்க வேண்டும். அண்மையில் அங்கே போய்வந்தவரிடம் விசாரிக்க வேண்டும். காப்பீட்டு ஒப்பந்தத்தையும் படிக்க வேண்டும். அரசு எச்சரித்த பிறகு மேற்கொள்ளும் பயணத்துக்கு இழப்பீடு கிடையாது என்ற விதி பல ஒப்பந்தங்களில் உண்டு.

மூன்றாவது: நம்மோடு யார் யார் ஏறுகிறார்கள்? உஸ்மான் (ரலி) அவர்கள் விரும்பியவரை மட்டுமே கடலேற்றச் சொன்னார்கள். வீட்டில் ஒருவர் உள்ளூர அஞ்சிக்கொண்டு, மற்றவர்களின் மகிழ்ச்சி கெடக்கூடாதே என்று தலையாட்டுகிறாரா? கைக்குழந்தையால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது. நீரிழிவும் இதய நோயும் உள்ள வாப்பா, "நான் வருகிறேன்" என்று சொல்வது பிள்ளைகளுக்காகவா? கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால் நடுக்கடலில் நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகள் இரா.

நான்காவது: திரும்பி வரும்போது யார் வீட்டுக்குள் நுழைகிறோம்? 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா சென்ற சொகுசுக் கப்பலில் 66 பேருக்குக் கொரோனா தொற்று கண்டறியப்பட்டு, கப்பல் மும்பைக்கே திரும்பியது. பயணத்தில் நேரும் நோய் பயணியோடு முடிவதில்லை. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி.

ஐந்தாவது: கட்டிய பணத்தைக் காரணமாக்குகிறோமா? "இவ்வளவு கட்டிவிட்டோமே" என்பது போவதற்கான காரணமன்று. 1897இல் நின்றுபோன ஹாஜிகளும், 2020இல் நின்றுபோனவர்களும் இழந்ததை எண்ணிப் பார்த்தால் நம் முன்பணம் சிறியது. வேறு தேதிக்கு மாற்றித் தரக் கேட்கலாம். பெரும்பாலும் கேட்டால் ஏதேனும் வழி கிடைக்கும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை கண்ட பிறகு, இஸ்திகாரா தொழுது, மனம் தெளிந்து, "போகலாம்" என்று ஒரு குடும்பம் முடிவெடுக்குமானால் அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. எச்சரிக்கை எண் சிறிதாக இருக்கலாம். தேவை பெரிதாக இருக்கலாம். அதேபோல், "இம்முறை வேண்டாம்" என்று நிறுத்திக்கொண்டவரைக் கோழை என்றும், ஈமான் குறைந்தவர் என்றும் பேசுவது பெரும் பிழை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. ஸர்ஃகிலிருந்து திரும்பியவர் உமர் (ரலி) என்பதை மறந்துவிடக் கூடாது.

முடிவைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அரசு தடுத்துவிட்டது" என்று முடித்துவிடாமல், "நாம் கேட்டோம், யோசித்தோம், நன்னியின் உடல்நிலையை எண்ணித் தள்ளிவைத்தோம்" என்று சொல்லுங்கள். விடுமுறை போனாலும், முடிவெடுக்கும் முறை ஒன்று அவர்களிடம் தங்கும். நாளை அவர்கள் தனியே முடிவெடுக்க வேண்டிய நாளில் அது துணை நிற்கும்.

கடல் எங்கும் போய்விடாது. காற்று அமைதியாகும், கூண்டு இறக்கப்படும், கப்பல் மீண்டும் புறப்படும். அதில் ஏறும் நாளில் நாமும் நம் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். வல்ல அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. போவதிலும் தங்குவதிலும் நமக்கு நன்மையானதைத் தேர்ந்தெடுக்கும் தெளிவைத் தருவானாக. ஆமீன்.